பெடலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே

“மிதிச்சா போகமாட்டேங்குது. போனா தூக்கி அடிக்குது.” சாவியை நீட்டிக்கொண்டே மெக்கானிக்கிடம் சொல்லும் இந்தப் புகார் அம்பாசடர் காலத்திலும் இருந்தது. இன்றைய ஆட்டோமேட்டிக் காருக்கும் அதே வார்த்தைகள்தான்: ஜெர்க், மிஸ்ஸிங், பிக்கப் இல்லை. மாறியிருப்பது காரணம் தேடும் வழி. மெக்கானிக்குகளில் ஒரு சாரார் அந்த மாற்றத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். வண்டி வைத்திருக்கும் நாம்தான் இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கிறோம். செகண்ட் ஹேண்டில் ஆட்டோமேட்டிக் வாங்கிய பலர் ஒரே ஜெர்க்குக்காக அடுத்தடுத்து மூன்று பார்ட்ஸை மாற்றிவிட்டு, கடைசியில் அதே ஜெர்க்கோடு வண்டியை விற்றுவிடுகிறார்கள். அதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அன்று பெடலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருந்தது ஒரு கம்பி. அம்பாசடரானாலும், பிரிமியர் பத்மினியானாலும், 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 ஆனாலும் அதுதான் ஏற்பாடு. காலை அழுத்தினால் கம்பியோ கேபிளோ இழுக்கும். கார்புரேட்டருக்குள் இருக்கும் த்ராட்டில் என்ற வட்டத் தகடு திறக்கும். உள்ளே பாயும் காற்றே ஜெட் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகும். கால் எவ்வளவு கேட்டதோ அவ்வளவு திறப்பு. இடையில் யாரும் முடிவெடுப்பதில்லை. ஆகவே ஜெர்க் என்றால் மூன்றே கேள்விகள்: காற்று சரியா, பெட்ரோல் சரியா, பொறி சரியா.

எங்கள் வீட்டில் அப்போது இருந்த வண்டியை ராயப்பேட்டையில் ஒரு பாய்தான் பார்ப்பார். ஒரு தடவை, சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் வண்டி இருமிவிட்டுப் பாய்ந்தது. அப்பா சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்டார்: “எப்ப சார் இடிக்குது? நின்னு கெளம்பும்போதா, ஓட்டத்துல மிதிக்கும்போதா? காலைல மொத ஸ்டார்ட்லயா, சூடானப்புறமா?” பதில் கிடைத்ததும் பானெட்டைத் திறந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பெடல் பக்கமே போகாமல் கார்புரேட்டர் லீவரை விரலால் சட்டென்று சுண்டினார். இன்ஜின் ஒரு கணம் தொய்ந்து, அப்புறம்தான் எகிறியது. பிறகு இன்ஜினை அணைத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய்க்குள் எட்டிப் பார்த்தபடி மறுபடி லீவரை இழுத்தார். அந்த இழுப்புக்குப் பக்கக் குழாயிலிருந்து மெல்லிய கோடாகப் பெட்ரோல் பீச்ச வேண்டும். வெறுமனே சொட்டியது. “பம்ப் டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு சார்.” திடீரென்று மிதிக்கும்போது காற்று முந்திக்கொண்டு உள்ளே ஓடும், பெட்ரோல் பின்தங்கும், அந்த இடைவெளியை நிரப்பத்தான் அந்தச் சின்னப் பம்ப். ஜி.பி. ரோட்டில் ரிப்பேர் கிட் வாங்கிவரச் சொல்லி, ரப்பர் தகட்டை மாற்றி, சாயங்காலமே வண்டியைக் கொடுத்துவிட்டார்.

மற்றக் கோளாறுகளுக்கும் இப்படித் தனித்தனி அடையாளம் இருந்தது. ஓட்டத்தில் தாளம் தப்பி இடித்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்டைப் பார்ப்பார்கள். தீய்ந்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜை நுழைத்து இடைவெளியை 0.4 மில்லிமீட்டர் அளவுக்கு வைப்பார்கள். ப்ளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். எதைப் பிடுங்கியும் இன்ஜின் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ப்ளக் முனை கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. சித்திரை வெயிலில் பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகி வண்டி திணறினால் பம்ப் மேல் ஈரத்துணி. புகையில் மண்ணெண்ணெய் வாடை வந்தால், “எந்த பங்க்ல போட்டீங்க?” என்ற கேள்வி.

ஓட்டுநரின் இடது காலும் அன்று ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. வண்டி இடிக்கத் தொடங்கும் என்று தெரிந்ததும் அரை கிளட்ச் கொடுத்துவிடுவார்கள்; இடி சக்கரத்துக்குப் போகாது. பல ஓட்டுநர்களுக்கு அது அனிச்சையாகவே வந்துவிட்டது. ஆட்டோமேட்டிக்கில் அந்தக் கால் ஓய்ந்துவிட்டது. இன்ஜினில் பிறக்கும் சின்னத் தடுமாற்றம்கூட இருக்கை வரைக்கும் வந்து சேர்கிறது. ‘பழைய வண்டியில் இப்படி இருந்ததே இல்லை’ என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருடைய பழைய வண்டியிலும் அது இருந்திருக்கும். அவர்கள் காலே அதை மறைத்திருக்கும்.

அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் ஏங்கவில்லை. காதால் கேட்டு மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருப்பியதால், இன்ஜினுக்குத் தேவைக்கு மேல் பெட்ரோல் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கரும்புகையை முகர்ந்துகொண்டுதான் நாம் பள்ளிக்கூடம் போனோம். ஒரு மெக்கானிக் வைத்த செட்டிங்கை அடுத்தவர் குறை சொல்லிக் கலைப்பார். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு ட்யூனிங் என்பது எழுதப்படாத விதி. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த விகிதத்தை வெயிலிலும் மழையிலும் மலையேற்றத்திலும் ஒரே மாதிரி காப்பாற்ற எந்த கார்புரேட்டராலும் முடியாது.

அதனால்தான் புகை விதிகள் இறுகியபோது முதலில் போனது கார்புரேட்டர். மாருதி 800க்கான கார்புரேட்டர்கள் ஜப்பானின் மிக்குனியோடு கூட்டுச் சேர்ந்து சென்னையை அடுத்த மறைமலை நகரில் யூகால் செய்தவை. நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு அவை கைப்பழக்கம். 2000, 2001இல் பெருநகரங்களுக்கு பாரத் ஸ்டேஜ் 2 வந்ததும் இன்ஜெக்‌ஷன் பொதுவழக்கமானது. உள்ளே போகும் காற்றை சென்சார் அளக்கிறது. புகைக்குழாயில் இன்னொரு சென்சார் மிச்ச ஆக்சிஜனை முகர்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு கம்ப்யூட்டர் நொடிக்குப் பலமுறை பெட்ரோல் அளவைத் திருத்துகிறது. அடுத்ததாகக் கேபிளும் போனது. 1980களின் கடைசியில் பிஎம்டபிள்யூவின் 7 சீரிஸில் வந்த எலெக்ட்ரானிக் த்ராட்டில், பின்னர் நம் ஊர் சின்னக் கார் வரைக்கும் இறங்கிவிட்டது.

இன்று பெடலை மிதிப்பது ஒரு கோரிக்கை மட்டுமே. பெடலில் இரண்டு சென்சார்கள். பல வண்டிகளில் ஒன்றின் வோல்டேஜ் மற்றதில் பாதியாகவே ஏறி இறங்கும். இரண்டும் ஒத்துப்போனால்தான் கம்ப்யூட்டர் காலை நம்பும். நம்பியபின் இவ்வளவு இழுவை கேட்கிறார் என்று கணக்கிட்டு, த்ராட்டில் பாடியில் உள்ள மோட்டாருக்கு உத்தரவு கொடுக்கும். கியர்பாக்ஸுக்குத் தனிக் கம்ப்யூட்டர். கியர் மாறும் கணத்தில் அது இன்ஜினைக் கொஞ்சம் அடக்கச் சொல்லும், இன்ஜின் அடங்கும். ஆகவே ஒரு ஜெர்க் பெடலில் பிறந்திருக்கலாம், அதன் வயரில், கரி படிந்த த்ராட்டிலில், வெடித்த ஏர் ஹோஸில், தளர்ந்த இக்னிஷன் காயிலில், கியர்பாக்ஸ் ஆயிலில், கிழிந்த இன்ஜின் மவுண்டிங்கில் பிறந்திருக்கலாம். ஓட்டுபவருக்கு எல்லாம் ஒரே குலுக்கல்தான்.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. பழைய வண்டி தன் நோயை உடனே சொல்லிவிடும். புதிய வண்டி அதைச் சமாளிக்கும். ஏர் ஹோஸில் சின்ன வெடிப்பு விழுந்து கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்தால், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிச் சரிக்கட்டுகிறது. எவ்வளவு கூட்டியது என்பதை ‘ஃப்யூல் ட்ரிம்’ என்ற பெயரில் சதவீதமாகக் குறித்து வைக்கிறது. நல்ல வண்டியில் அது பூஜ்யத்தை ஒட்டி, ஐந்துக்குள் ஊசலாடும். பத்தைத் தாண்டினால் ஏதோ சரியில்லை. ஆனால் பல வண்டிகளில் 25 சதவீதத்தை நெருங்கினால்தான் பி0171 என்ற எரர் கோடு பதிந்து, டேஷ்போர்டில் செக் இன்ஜின் லைட் எரியும். பத்துக்கும் இருபத்தைந்துக்கும் நடுவே வண்டிக்கு நோய் இருக்கிறது, லைட் இல்லை. ‘ஸ்கேன் பண்ணோம் சார், எரர் எதுவும் இல்ல’ என்று திருப்பி அனுப்பப்படும் வண்டிகளில் நிறைய இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் இந்த எண்ணைக் கொஞ்சம் மேலே தள்ளும், ஏனென்றால் எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. அன்று வாடையை வைத்துப் பெட்ரோலைச் சந்தேகித்தது போல இன்று எண்ணை வைத்துச் சந்தேகிக்க வேண்டும்.

த்ராட்டிலும் இப்படித்தான். தகட்டின் விளிம்பில் எண்ணெய்ப் புகை படிந்து படிந்து கரி கட்டும். காற்று குறைவதைக் கண்டு கம்ப்யூட்டர் தகட்டை ஒரு நூலளவு கூடுதலாகத் திறந்து வைக்கக் கற்றுக்கொள்ளும். வருஷக்கணக்கில் கற்ற பாடம் அது. ஒருநாள் அதைச் சுத்தம் செய்தால் இன்ஜின் ஆர்பிஎம் எகிறுகிறது, வண்டி முன்னைவிட மோசமாக இடிக்கிறது. அழுக்கு போய்விட்டது, அழுக்குக்கான திருத்தம் போகவில்லை. ஸ்கேனரில் ரீலேர்ன் கொடுத்தால்தான் அடங்கும். பழகாத கைகள் பெட்ரோலில் டூத்பிரஷை நனைத்துத் தேய்க்கின்றன, தகட்டை விரலால் அழுத்தித் திறக்கின்றன. உள்ளேயிருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் அதைத் தாங்குவதில்லை. பிறகு புதுப்பேட்டையில் பழைய த்ராட்டில் பாடி தேடி அலைச்சல். செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்குகிறவர், முந்தைய உரிமையாளரின் அழுக்கையும் அதற்கு வண்டி பழகிக்கொண்ட விதத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

சென்னையில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: வெள்ளம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் நீரில் நின்ற கார்களில் பல சுத்தம் செய்யப்பட்டு மறுபடி சாலைக்கு வந்தன. கம்பி இழுத்துத் திறந்த காலத்து வண்டி இப்படி நனைந்திருந்தால் காயவைத்து, ஆயில் மாற்றி ஓட்டிவிடலாம். இன்றைய வண்டியில் கார்ப்பெட்டுக்கு அடியில் எர்த் பாயிண்டுகளும் கனெக்டர்களும் இருக்கின்றன. பச்சை பூக்க அவற்றுக்கு அவசரமில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் கழித்துக்கூடக் குறும்பு தொடங்கும்.

நண்பர் ஒருவர் வாங்கிய பழைய ஆட்டோமேட்டிக்கில் இதை நேரில் பார்த்தேன். மெதுவாக ஊரும் ட்ராஃபிக்கில் மட்டும் வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. ஒரு கடையில் ப்ளக்கும் காயிலும் மாற்றினார்கள். இன்னொன்றில் த்ராட்டில் பாடி. பில் ஏறியது, ஜெர்க் அப்படியே இருந்தது. மூன்றாவதாகப் போனது புறநகரில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். முப்பது வயதுகூட ஆகாத பையன். ஸ்கேனரை மாட்டும் முன் அவன் கேட்டதைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்தது: “எப்பண்ணா வெட்டுது? நின்னு கெளம்பும்போதா, ஓட்டத்துலயா? ஏசி போட்டாதானா, போடாட்டியுமா?” ராயப்பேட்டை பாயை அவன் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

வண்டியை அவனே ஓட்டிப் பார்த்தான், டேப்லெட் பக்கத்து சீட்டில் பதிவு செய்துகொண்டே வந்தது. எரர் கோடு இல்லை. ஃப்யூல் ட்ரிம் மூன்று. மிஸ்ஃபயர் எண்ணிக்கை பூஜ்யம். காற்றும் பெட்ரோலும் பொறியும் சரி என்று இந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. பாய் மூன்று தனி வேலைகளாகச் செய்ததை இவன் மூன்று எண்களில் முடித்துக்கொண்டான். பிறகு இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து, பெடலைக் கையாலேயே மிக மெதுவாக அழுத்தினான். திரையில் இரண்டு கோடுகள் ஏறின. ஏறத்தாழ கால்வாசி அழுத்தத்தில் கீழ்க்கோடு மட்டும் ஒரு நடுக்கம் நடுங்கி மறுபடி சேர்ந்துகொண்டது. மறுபடி அழுத்தினான், வயரைப் பிடித்து ஆட்டிக்கொண்டே அழுத்தினான், இப்போது நடுக்கம் எல்லா இடத்திலும் வந்தது. “பெடல் இல்லண்ணா, கனெக்டர்.” அதைக் கழற்றியபோது ஒரு பின்னின் அடி பச்சையாக இருந்தது. கார்ப்பெட்டைத் தூக்கினான். சீட் போல்ட்டைச் சுற்றி, காய்ந்த வண்டல் மண்.

எரர் கோடாகப் பதியும் அளவுக்கு அந்த நடுக்கம் நீடிக்கவில்லை. ஆனால் அந்தக் கணத்தில் கம்ப்யூட்டர் காலை நம்பாமல் த்ராட்டிலைக் கொஞ்சம் மூடியது, மறுகணம் நம்பித் திறந்தது. நகர ட்ராஃபிக்கில் கால் எப்போதும் நிற்பது அந்தக் கால்வாசி அழுத்தத்தில்தான். பின்னைச் சுத்தம் செய்து, எர்த் பாயிண்டைச் சுரண்டி மறுபடி முடுக்கினான். பார்ட்ஸ் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அவன் கேட்டது அரை நாள் கூலி.

நண்பர் தயங்கினார். “ஒண்ணுமே மாத்தலையே?” என்றார். இந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். அன்று காரணம் கண்டுபிடிப்பது ஐந்து நிமிஷம், சரிசெய்வது அரை நாள். ஆகவே கண்டுபிடித்ததற்குத் தனிக் கூலி கிடையாது. கார்புரேட்டர் வேலைக் கூலியிலேயே அது அடங்கிவிட்டது. இன்று தலைகீழ். கண்டுபிடிக்க அரை நாள், சரிசெய்ய ஐந்து நிமிஷம். நாமோ இன்னும் பார்ட்ஸுக்கும் அதைப் பொருத்தும் கூலிக்கும்தான் காசு கொடுக்கிறோம். அதனால் தேடுகிறவன் நஷ்டப்படுகிறான். எரர் கோடு என்ன சொல்கிறதோ அந்தப் பார்ட்டை மாற்றுகிறவன் பிழைக்கிறான். கோடு சொல்வது நோயின் பெயரை அல்ல. த்ராட்டில் சென்சார் சிக்னல் சரியில்லை என்று அது சொன்னால், சென்சார் கெட்டிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், எர்த் விட்டிருக்கலாம், பல சென்சார்களுக்குப் பொதுவாகப் போகும் 5 வோல்ட்டை வேறெங்கோ ஒரு சென்சார் ஷார்ட் ஆகி இழுத்துக்கொண்டிருக்கலாம். இதையெல்லாம் பிரித்துப் பார்க்க நேரம் வேண்டும். அந்த நேரத்துக்கு விலை கொடுக்க மாட்டோம் என்றால், தேவையில்லாத த்ராட்டில் பாடிக்கு அதைவிடப் பல மடங்கு கொடுத்துக்கொண்டிருப்போம். நண்பர் கடைசியில் கொடுத்தார்.

ஓட்டிப் பார்த்தே பிரிக்கக்கூடியவையும் உண்டு, அவற்றுக்கு ஸ்கேனர்கூட வேண்டாம். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயிலால் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள வண்டி, லேசாக மிதித்து ஒரே சீராக அறுபது எழுபதில் போகும்போது மட்டும் அதிர்கிறதா? பின்னால் வண்டி வராத சாலையில், ஆக்சிலேட்டரை மாற்றாமல் பிரேக் பெடலை லேசாகத் தொட்டால் போதும். கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் விடுபடும். அதிர்வு அந்தக் கணமே நின்றால் சந்தேகம் இன்ஜினைவிட்டு கியர்பாக்ஸுக்குப் போக வேண்டும். பல சமயம் பழைய ஆயில்தான் காரணம். ‘லைஃப்டைம் ஆயில், மாற்ற வேண்டாம்’ என்று விற்கும்போது சொல்வார்கள். கியர்பாக்ஸ் செய்யும் இசட்எஃப் நிறுவனமோ தன் ஆட்டோமேட்டிக்குகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள், ஆயில் மாற்றச் சொல்கிறது.

2014இல் மாருதி செலேரியோவோடு இந்தியாவுக்கு வந்த ஏஎம்டி வேறு வகை. அது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்; கிளட்ச்சையும் கியரையும் கம்ப்யூட்டர் இயக்குகிறது. கியர் மாறும்போது இழுவை அறுந்து தலை முன்னே போவது அதன் பிறவிக் குணம். அதற்காகச் செலவு செய்வது வீண். ஆனால் முதல் கியரில் ஊரும்போது உதறினால் கிளட்ச் தேய்ந்திருக்கலாம், அல்லது கிளட்ச் பிடிக்கும் இடத்தை ஸ்கேனரில் மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கலாம். குணத்தையும் கோளாறையும் பிரிக்க, அதே மாடலில் இன்னொரு நல்ல வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

வாங்கப் போகும்போதே இதில் பாதியைத் தவிர்த்துவிடலாம். விடிகாலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது வண்டியைப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள். சிக்னலுக்குச் சிக்னல் ஊரும் சாலையிலும் ஓட்டிப் பாருங்கள், பைபாஸில் மட்டும் போதாது. சீட் போல்ட்டைச் சுற்றி விரலை விட்டுத் தடவுங்கள். நம் நாட்டில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களுக்கு ஓபிடி 2 கட்டாயம். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் கருவியும் போனும் அதைப் படிக்கும். அங்கே எரர் கோடு இருக்கிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘ரெடினெஸ்’ என்ற பக்கத்தையும் திறங்கள். வண்டி தன் கேட்டலிஸ்ட்டையும் ஆக்சிஜன் சென்சாரையும் தானே சோதித்து முடித்ததா என்று அது காட்டும். எரர் கோடுகளை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ அந்தச் சோதனை முடிவுகளும் அழியும்; பல விதமாக ஓட்டிய பிறகே ஒவ்வொன்றாக நிறையும். தினம் ஆபீஸ் போய்வருகிறது என்று சொல்லப்படும் வண்டியில் அவை பெரும்பாலும் ‘முடியவில்லை’ என்று காட்டினால், பேட்டரியை எப்போது கழற்றினீர்கள், எதற்காகக் கழற்றினீர்கள் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் விலை பேசும் முன் ஒரு வாரம் ஓட்டச் சொல்லிவிட்டு, மறுபடி போய் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள்.